முன் ஃபோர்க்கின் இறுக்கம்

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் என்பது ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நகரும் இரண்டு ஜோடிக் குழாய்கள். மேல் குழாய் ஹேண்டிலின் கீழுள்ள பிடிப்பில் நிற்கிறது. கீழ்க் குழாய் சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் நீளமான சுருள் ஸ்பிரிங் ஒன்றும், கொஞ்சம் எண்ணெயும், எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்றும் இருக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் ஆட்டத்தை அடக்குகிறது. காற்று, ஃபோர்க் கடைசி வரை அழுந்தப் போகும் நேரத்தில் குறுக்கே நிற்கிறது. பட்டறைக்கு வந்து “முன்னாடி ரொம்ப சாஃப்டா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணுங்க” என்று கேட்பவரின் குறை இந்த மூன்றில் எதில் இருக்கிறது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரியாது. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்துகிறதா, பள்ளத்தில் விழுந்தால் ‘டக்’கென்று அடி வாங்குகிறதா, வேகத்தடையைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டே இருக்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு.

பெங்களூருவின் தெற்கு விளிம்பில், ஆனேக்கல் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் அத்திபெலே இந்தக் கேள்வியைப் படிப்பதற்குத் தோதான இடம். தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிப் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூர். டிவிஎஸ் மோட்டார் தொழிற்சாலையும், ஷாக் அப்சார்பரும் ஃபோர்க்கும் செய்யும் கேப்ரியல் இந்தியாவின் ஆலையும் அங்கே இருக்கின்றன. தினமும் ஓசூருக்கும் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமும் பைக்கில் போய்வருபவருக்கு ஒரே பயணத்தில் இரண்டு சாலைகள் வாய்க்கின்றன. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வேகமான ஓட்டம், திடீர் பிரேக். சர்வீஸ் ரோட்டிலும் ஆனேக்கல், சர்ஜாபுரா பக்கம் பிரியும் சாலைகளிலும் பள்ளம், வேகத்தடை, தார் பெயர்ந்த விளிம்பு. முதல் சாலை இறுக்கமான ஃபோர்க்கைக் கேட்கிறது, இரண்டாவது இளகியதைக் கேட்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை மறந்தால் காசும் போகும், மணிக்கட்டும் வலிக்கும்.

எண்ணெயால் ஆட்டத்தை அடக்கும் குழாய் ஃபோர்க்கை வரிசை உற்பத்தியில் முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ. 1935இல் வந்த ஆர்12 அந்த வண்டி. அதற்கு முன் பெரும்பாலான வண்டிகளில் இருந்தவை இணைப்புத் தண்டுகளும் வெளியே தெரியும் ஸ்பிரிங்குமாக இருந்த கர்டர் ஃபோர்க்குகள். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 1949இல் விற்பனைக்கு விட்ட புல்லட்டில் குழாய் ஃபோர்க் இருந்தது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டபோது அந்த வண்டி திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. அப்போதிருந்து இன்று வரை சாதாரண வண்டிகளின் ஃபோர்க்கில் அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை. அதனால் இங்கே சொல்லப்படும் கணக்குகள் பழைய புல்லட்டுக்கும் புது 150 சிசி வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பொருந்தும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முன் டயரில் காற்று குறைந்திருந்தால் வண்டி மிதப்பதுபோல் தோன்றும். ஸ்டீயரிங்கின் கோன் செட் தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ‘கடக்’ என்று ஒரு ஆட்டம் கைக்கு வரும், அதைப் பலர் ஃபோர்க்கின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஃபோர்க் பைப்பில் எண்ணெய் வளையம் படிந்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. எண்ணெய் வழிந்து டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படலாம் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பல ஆண்டுகள் மாற்றப்படாத ஃபோர்க் ஆயில் உலோகத் தூள் கலந்து சாம்பல் நிறக் குழம்பாகி, அடக்கும் திறனை இழந்திருக்கும். கையேட்டில் சொன்ன அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றியதுமே, வண்டி வாங்கிய நாளில் இருந்த இறுக்கம் திரும்ப வந்துவிடுவது உண்டு. அதற்கு மேல் எதுவும் தேவைப்படாத வண்டிக்குப் புது ஸ்பிரிங் வாங்குவது வீண்.

அடுத்தது அளவெடுப்பது. ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும் நிலைக்கும், ஓட்டுநர் ஏறி உட்கார்ந்த நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை ‘சாக்’ என்கிறார்கள். தமிழில் தாழ்வு எனலாம். மேல் குழாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுக்கம்பியைச் சுற்றி, அதைத் தூசி சீல் வரை இறக்கிவிட்டு, வண்டியில் மெதுவாக உட்கார்ந்து மெதுவாக இறங்கினால் அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டது என்று தெரியும். குழாய்களுக்கு இடையே உராய்வு இருப்பதால் ஒரு தடவை எடுத்த அளவை நம்ப முடியாது. ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் வண்டியை அமுக்கி மெல்ல விட்டு ஒரு அளவும், சற்றுத் தூக்கி மெல்ல விட்டு ஒரு அளவும் எடுத்து இரண்டின் சராசரியைக் கொள்வது வழக்கம். சாலை வண்டிக்கு மொத்த ஓட்டத்தில், அதாவது ஃபோர்க் நகரக்கூடிய முழு நீளத்தில், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் தாழ்வு இருந்தால் சரி. 130 மி.மீ. ஓட்டமுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு அது 33 முதல் 43 மி.மீ. வரை. 200 மி.மீ. ஓட்டமுள்ள ஹிமாலயனுக்கு 50க்குக் குறையாது. 110 மி.மீ. மட்டுமே உள்ள இன்டர்செப்டருக்கு 30ஐ ஒட்டி வரும். இந்த ஓர் எண்ணை எடுக்காமல் ஃபோர்க்கில் கை வைப்பது, உடம்பை அளக்காமல் துணி வெட்டுவதைப் போன்றது.

தாழ்வு அதிகமாக இருந்தால் பட்டறைகளில் முதலில் செய்வது ஸ்பிரிங்கின் மேலே ஒரு ஸ்பேசரோ சில வாஷர்களோ வைத்து மூடியைத் திருகுவது. இதற்கு முன்னழுத்தம் என்று பெயர், பட்டறை வழக்கில் பிரீலோடு. சிலவகை வண்டிகளில் மூடியிலேயே இதற்கான திருகு இருக்கும். முன்னழுத்தம் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். விறைப்பு என்பது ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ எடை தேவை என்ற அளவு. அது கம்பியின் தடிமனையும் சுருளின் அகலத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. மேலே வாஷர் வைப்பதால் அந்த மூன்றில் ஒன்றும் மாறுவதில்லை. மாறுவது வண்டி நிற்கும் உயரம் மட்டும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது துலங்கும். வண்டி 180 கிலோ, ஓட்டுநர் 70 கிலோ, ஆக 250 கிலோ. இதில் ஸ்பிரிங்குகள் சுமக்கும் முன்பக்க எடை 105 கிலோ என்று கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மில்லிமீட்டருக்கு 0.7 கிலோ, இரண்டும் சேர்ந்து 1.4. ஃபோர்க்கின் சாய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 105 கிலோவைத் தாங்க ஸ்பிரிங் 75 மி.மீ. அழுந்த வேண்டும். அதில் 40 மி.மீ. முன்னழுத்தமாக ஏற்கெனவே இருந்தால் மீதி 35 மி.மீ. தாழ்வு. இப்போது இந்த வண்டி அத்திபெலே சந்திப்பில் லாரி குறுக்கே திரும்புவதைக் கண்டு புவியீர்ப்பின் 0.6 பங்கு வேகக்குறைப்போடு பிரேக் பிடிக்கிறது. எடைமையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில், சக்கர இடைவெளி 1.35 மீட்டர். பின்னிருந்து முன்னுக்கு மாறும் பாரம் 250ஐ 0.6ஆல் பெருக்கி, மீண்டும் 0.6ஆல் பெருக்கி, 1.35ஆல் வகுத்தால் வரும் சுமார் 67 கிலோ. அந்த 67 கிலோ ஃபோர்க்கை 48 மி.மீ. கூடுதலாக அமுக்குகிறது. தாழ்வு 35, குத்தல் 48, மொத்தம் 83. பிரேக் பிடித்த அதே இடத்தில் பள்ளமும் இருந்தால் அதை வாங்கிக்கொள்ள, ஓட்டம் 130 மி.மீ. என்றால், எஞ்சுவது 47 மி.மீ.

இதே வண்டியில் 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் தாழ்வு 25 ஆகிறது. பிரேக்கில் மூக்குக் குத்துவது அதே 48 மி.மீ., ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. உயரத்திலிருந்து தொடங்குவதால் பள்ளத்துக்கு 57 மி.மீ. கிடைக்கிறது, அது லாபம்தான். ஆனால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிச் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்க முன்பு 35 மி.மீ. இருந்தது, இப்போது 25தான். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ஃபோர்க் முழுதாக நீண்டு மேலே ‘டக்’கென்று முட்டும் சத்தம் பெரும்பாலும் இப்படி முன்னழுத்தம் மிகையாகப் போன வண்டிகளில்தான் கேட்கிறது.

ஸ்பிரிங்கையே மாற்றி 0.85 கிலோ உள்ளதைப் போட்டால் கதை வேறு. இரண்டும் சேர்ந்து 1.7. முன்னழுத்தத்தை 27 மி.மீ. ஆகக் குறைத்தாலே தாழ்வு பழையபடி 35இல் நிற்கும். பிரேக்கில் குத்தல் 39 ஆகக் குறைகிறது. பள்ளத்துக்கு 56 மி.மீ. எஞ்சுகிறது, கீழே இறங்க 35 மி.மீ.யும் அப்படியே இருக்கிறது. மூக்குக் குத்துவதுதான் குறை என்றால் மருந்து இதுதான். எல்லையைத் தாண்டித் தினமும் நெடுஞ்சாலையில் ஓடுபவர் வாஷருக்குச் செலவிடும் பொழுதை நல்ல ஸ்பிரிங் தேடுவதில் செலவிடலாம்.

0.7இலிருந்து 0.85 என்பது பெரிய மாற்றம்போல் தோன்றினாலும் கம்பியில் அது மயிரிழைதான். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 4 மி.மீ. கம்பியை 4.2 மி.மீ. ஆக்கினால் விட்டம் 5 சதவீதம் கூடுகிறது, விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கடையில் இரண்டு ஸ்பிரிங்குகளைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பதும், வண்டியில் போட்டால் வேறு வேறாக நடப்பதும் இதனால்தான். வெர்னியர் அளவுகோல் இல்லாமல் ஸ்பிரிங் வாங்கப் போவதில் பயனில்லை.

சுற்றுகளைக் குறைத்தாலும் விறைப்பு கூடும். 45 சுற்றுள்ள ஸ்பிரிங்கில் 5 சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, போன நீளத்துக்கு ஸ்பேசர் வைத்தால் 0.7 என்பது 0.79 ஆகிறது. கணக்கு சரிதான், பட்டறையில் அது செய்யப்படும் விதத்தில்தான் ஆபத்து. வெட்டிய முனையைத் தட்டையாக்க கேஸ் வெல்டிங் சுடரில் பழுக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது மெல்ல மெல்ல அமர்ந்து ஒரு ஸ்பிரிங் நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் ஆகிவிடுகிறது. வெட்டும் சக்கரத்தால், சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்து, முனையைச் சாணை பிடித்துத் தட்டையாக்குவதே முறை. வெட்டிய பிறகு இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். எல்லாச் சுற்றுகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பிரிங் கட்டியாகிவிடும் நீளம், கம்பி விட்டத்தைச் சுற்றுகளால் பெருக்கினால் கிடைக்கும். ஃபோர்க் முழுதாக அழுந்தும் முன்பே ஸ்பிரிங் அந்த நீளத்தைத் தொட்டுவிட்டால் அடி முழுவதும் மூடிக்கும் குழாய்க்கும் போகும்.

மூன்றாவது வழி காற்று. இது மலிவானது, திரும்பப் பெறக்கூடியது, இருந்தும் பலரும் கண்டுகொள்ளாதது. ஃபோர்க்கின் மூடிக்கும் எண்ணெய் மட்டத்துக்கும் நடுவே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அந்தக் காற்று நிரலின் நீளம், ஃபோர்க் நீண்டிருக்கும்போது 230 மி.மீ. என்றும், 130 மி.மீ. ஓட்டம் முடிந்து முழுதாக அழுந்தியதும் 100 என்றும் வைத்துக்கொண்டால், பாயில் விதிப்படி காற்றின் அழுத்தம் 2.3 மடங்காகிறது. 20 மி.மீ. உயரத்துக்கு எண்ணெயைக் கூட்டினால் 210 மி.மீ. நிரல் 80க்குள் அடங்க வேண்டும், அழுத்தம் 2.6 மடங்கு. பாதி ஓட்டத்தில் பார்த்தால் முதல் நிலையில் 1.39 மடங்கு, இரண்டாம் நிலையில் 1.45. அதாவது தொடக்கத்திலும் நடுவிலும் ஏறக்குறைய எந்த மாற்றமும் தெரியாது, கடைசிப் பகுதியில் மட்டும் ஃபோர்க் விறைக்கிறது. வேகமாக அழுந்தும்போது காற்று சூடேறுவதால் உண்மையில் இந்த வித்தியாசம் இன்னும் சற்றுக் கூடுதல். சாதாரணச் சாலையில் நன்றாக ஓடி, பெரிய பள்ளத்தில் மட்டும் அடி தட்டும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான திருத்தம் இல்லை. ஒரு தடவைக்கு 5 மி.மீ. என்று கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். எல்லை மீறினால் காற்றழுத்தம் சீலைத் தள்ளி எண்ணெயைக் கசிய வைக்கும்.

எண்ணெயின் அளவு ஒரு விஷயம், அதன் கெட்டி இன்னொரு விஷயம். சாதாரண ஃபோர்க்கின் நடுவே துளைகளிட்ட ஒரு தண்டு நிற்கிறது. அழுந்தும்போது எண்ணெய் பெரிய துளைகள் வழியாகவும், நீளும்போது சிறிய துளைகள் வழியாகவும் பிதுங்கிப் போகிறது. துளை வழியே பாயும் திரவத்தின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். ஃபோர்க் இரண்டு மடங்கு வேகமாக அழுந்தினால் தடை நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அழுந்துகிறது, அப்போது எண்ணெய் அதிகம் தடுப்பதில்லை. கூரான விளிம்புள்ள பள்ளத்தில் படுவேகமாக அழுந்துகிறது, அப்போது எண்ணெய் சுவர்போல் நின்றுவிடுகிறது. மூக்குக் குத்தலைக் குறைக்கக் கெட்டி எண்ணெய் ஊற்றுகிறவர்கள் அதற்கு விலையாக மணிக்கட்டில் வலியை வாங்கிக்கொள்கிறார்கள். குத்தலின் அளவை எண்ணெய் முடிவு செய்வதே இல்லை, அது குத்தலைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

எண்ணெய்க்கு வேலை இருக்கும் இடம் திரும்பி நீளும் ஓட்டம். வேகத்தடைக்குப் பிறகு வண்டி இரண்டு மூன்று முறை குதித்தால் அடக்கம் போதவில்லை, 10 டபிள்யூ கெட்டியுள்ள எண்ணெயிலிருந்து 15 டபிள்யூவுக்கு மாறலாம், அல்லது இரண்டையும் கலந்து நடுவில் ஓர் அளவை எடுக்கலாம். டப்பாவில் ஒரே எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி எண்ணெயின் கெட்டி வேறுபடும் என்பதால் ஒரே கம்பெனியின் எண்ணெய்களைக் கலப்பதே நல்லது. மிகையாகக் கெட்டியானால் என்ன ஆகும் என்பதை நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி வரிசையாகப் போட்டிருக்கும் தடிப்புக் கோடுகள் காட்டிவிடும். கோடுகள் 60 செ.மீ. இடைவெளியில் இருப்பதாகவும் வண்டி 50 கி.மீ. வேகத்தில் போவதாகவும் கொண்டால், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைப்பது விநாடியில் 23இல் ஒரு பங்கு. அதற்குள் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டாக வேண்டும். கெட்டி எண்ணெய் அதை விடாது. ஒவ்வொரு கோட்டிலும் ஃபோர்க் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, நாலைந்து கோடுகளுக்குப் பிறகு ஓட்டமே மிச்சமில்லாமல் இரும்புத் தடிபோல் ஆகிவிடும். டயரின் பிடி தளர்வதும் அப்போதுதான். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடி தளர்வது எத்தனை மோசமானது என்று லாரிக்குப் பின்னால் போய்ப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெதுவான அழுத்தத்துக்கும் வேகமான அழுத்தத்துக்கும் தனித்தனியாகத் தடை வைக்க முடியாதது இந்தத் தண்டு ஃபோர்க்கின் பிறவிக்குறை. மெல்லிய எஃகு வட்டுகளை அடுக்கி, வேகம் கூடும்போது வளைந்து வழிவிடும்படி செய்த வால்வுகள் உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் அது தீர்ந்தது. ஓசூரிலேயே உருவான அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு 2021இல் டிவிஎஸ் தந்த டைனமிக் கிட்டில், முன்னழுத்தம், அழுந்தும் தடை, நீளும் தடை மூன்றையும் தனித்தனியே திருகி மாற்றும் கேஒய்பி ஃபோர்க் வந்தது. அப்படிப்பட்ட ஃபோர்க் உள்ளவர் ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், இரண்டிரண்டு ‘கிளிக்’காக மாற்றி, ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒரே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு திருகை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

உறுதி குறைவாகத் தோன்றுவதற்குக் குழாயின் வளைவும் காரணமாக இருக்கலாம். பழைய கிளாசிக் 350இன் ஃபோர்க் குழாய் 35 மி.மீ., 2021இல் வந்த புதியதில் 41 மி.மீ. சுவரின் தடிமன் ஒன்றே என்று கொண்டால் வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் மும்மடியில் கூடுகிறது. அதன்படி புதியது சுமார் 1.6 மடங்கு உறுதி. மெல்லிய குழாய் உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அந்த வித்தியாசம் கைக்கு வந்துவிடாது.

ஃபோர்க் உயரம் மாறினால் ஸ்டீயரிங்கும் மாறும். முன்பக்கம் 10 மி.மீ. உயர்ந்தால், 1.35 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டியில் ஃபோர்க்கின் சாய்வு 0.4 பாகைக்குச் சற்று மேல் கூடுகிறது. நேராக ஓடும்போது வண்டி இன்னும் நிலையாக இருக்கும், திருப்புவதற்குச் சற்று அதிகம் தள்ள வேண்டியிருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை உறுதியாக நிறுத்த வேண்டும், சைடு ஸ்டாண்டில் செய்யும் வேலை இல்லை இது. மேல் பிடிப்பின் போல்ட்டைத் தளர்த்திய பிறகு, கீழ்ப் பிடிப்பு குழாயைப் பிடித்திருக்கும்போதே மூடியை இளக்கிக்கொள்வது எளிது. மூடியின் அடியில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. கடைசி மரை விடும்போது அது மேலே பாயும், முகத்தை அதற்கு நேராக வைக்கக் கூடாது. எண்ணெய் மட்டத்தை, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுதாக அமுக்கி, காற்றுக் குமிழ்கள் போகும் வரை பலமுறை ஏற்றி இறக்கிய பிறகே அளக்க வேண்டும். நீளமான குழாய் மாட்டிய சிரிஞ்சில் குறித்த ஆழத்தில் அடையாளம் போட்டு, அதிகமான எண்ணெயை உறிஞ்சி எடுத்தால் இரண்டு காலிலும் ஒரே மட்டம் வந்துவிடும். மில்லி லிட்டர் கணக்கில் ஊற்றுவதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் வடித்த பிறகும் பழைய எண்ணெய் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். மீண்டும் பூட்டும்போது அச்சின் பிடிப்பு போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். அதற்கு முன் வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கிவிட்டால் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமரும். இணை தப்பினால் ஃபோர்க் சிக்கிச் சிக்கி நகரும், அதை ‘டைட்’ ஆகிவிட்டது என்று தவறாக எண்ணுபவர்களும் உண்டு.

கட்டுக்கம்பியைக் கழற்றாமல் ஒரு வாரம் வழக்கமான சாலையிலேயே ஓட்டினால், அந்த வாரத்தின் மிக மோசமான பள்ளம் எதுவோ அது கம்பியை எங்கே தள்ளியதோ அங்கே நிற்கும். முழு ஓட்டத்துக்கு 10 முதல் 15 மி.மீ. குறைவாக நின்றால் அமைப்பு சரி. 40 மி.மீ. எஞ்சியிருந்தால் ஃபோர்க் மிகையாக இறுகிவிட்டது, எண்ணெய் மட்டத்தை 5 மி.மீ. இறக்கிப் பார்க்கலாம். கம்பி ஓட்டத்தின் கடைசி வரை போயிருந்தால் அதே அளவு ஏற்ற வேண்டும்.